ஓலை எழுதியவன்

சிறைச்சாலை
2024 செப்டம்பர் 8

அன்புள்ள நாகலெட்சுமி அக்காவுக்கு,

தம்பி சோலைமலை எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி? நம் கடைசித் தம்பி, சின்னவன் திலக்ஷன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா, இல்லை இன்னும் போனைப் பார்த்துக்கொண்டே சோற்றை ஆறவிடுகிறானா?

இங்கே மாதத்துக்கு ஒரு தரம் போன் பேச விடுகிறார்கள். மூன்று நிமிஷம். பக்கத்தில் ஜெயில் அதிகாரி மாத்தயா நின்று என் வாயையே பார்ப்பார். அதில் 'சாப்பிட்டீங்களா'வுக்கு மேல் எதுவும் வருவதில்லை. கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஆனால் படிக்கிறவர் முகம் எனக்குத் தெரியாது. அது ஒரு நிம்மதி.

புதிதாக வந்த ஒருவன் சொன்னான், வருகிற மாசியில் நம் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி காமன் கூத்து வைக்கப் போகிறார்களாம். கேட்டதிலிருந்து தூக்கமில்லை. 2022இல் நட்ட காமனை எரிக்காமல் பாதியில் விட்டது என்னால்தானே. நான் காமன் வேஷம், முத்துலிங்கம் மாமா சிவன் வேஷம். சிவன் காமனை எரிப்பதுதான் கதை. அன்றைக்குக் காமன், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சிவனை வெட்டினான். மாமாவின் வலது கை முழங்கையோடு மண்ணில் விழுந்து, விரல் இரண்டு தரம் மடங்கி விரிந்தது. இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் எனக்கு வருத்தமில்லை அக்கா. கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து நீங்கள் சட்டை கிழிந்து அழுதுகொண்டு வந்தீர்கள். 'யாரு?' என்று கேட்டேன். மாமா பெயரைச் சொன்னீர்கள். வேறென்ன செய்வான் ஒரு தம்பி? கோர்ட்டில் மாமாவே 'கூத்துத் தகராறு' என்றார். உங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்று நானும் ஆமாம் என்றேன். ஏழு வருஷம் போட்டார்கள். போகட்டும்.

இந்தத் தடவை திலக்ஷன் காமன் வேஷம் கட்டட்டும். இதையும் நீங்கள் சொன்னபடி பூண்டுலோயா நஸார் நானா கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். எல்லார் வீட்டுத் தபாலும் வரும் தோட்டத்து ஆபீசுக்கு ஏன் எழுதக்கூடாது என்று கேட்டால் பதிலே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

உங்கள் தம்பி
சோலைமலை

•

2024 செப்டம்பர் 29

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கால் வலி மழைக்கு இருக்கும், வெயிலுக்குப் போய்விடும். நீ உன் உடம்பைப் பார்.

சின்னவன் நன்றாக இருக்கிறான். நஸார் நானாவின் தம்பிக்குக் கொழும்பில் துணிக்கடை இருக்கிறது. தீபாவளி கழிந்ததும் இவனை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நல்ல மனுஷர். காமன் கட்ட வேறு ஆளா இல்லை? அவன் போகட்டும் என்று ஒரு வார்த்தை எழுது. நீ சொன்னால்தான் கேட்பான்.

அந்தப் பழைய கதையை இனிமேல் கடிதத்தில் எழுதாதே. எனக்குப் படிக்க முடியவில்லை.

அக்கா
நாகலெட்சுமி

•

சிறைச்சாலை
2024 அக்டோபர் 20

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். ஆனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

துணிக்கடையாம்! 2019இல் அவன் எலிக்காய்ச்சலில் கிடந்தபோது துணிக்கடையா காப்பாற்றியது? மூத்திரம் இரத்தமாகப் போனது. நுவரெலியாவில் டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் காமன் நடும் திடலில் விழுந்து, மூன்று வருஷம் வேஷம் கட்டுகிறேன், பையனைக் கொடு என்று அழுதேன். பிழைத்தான். ஒரு வருஷம் ஆடினேன். அடுத்தது கொரோனா. அதற்கடுத்தது இரத்தம். அவன் உயிருக்கு வைத்த நேர்த்தியை அவனாவது முடிக்க வேண்டாமா? முடிக்காவிட்டால் யார் உயிரைக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

போன கிழமை இங்கே சாப்பாட்டு வரிசையில் ஒருவன் இன்னொருவன் கன்னத்தைக் கூர் தீட்டிய கரண்டியால் கிழித்தான். பல் வெளியே தெரிந்தது. எதற்குச் செய்தாய் என்று கேட்டதற்கு, 'சொன்னாங்க, செஞ்சேன்' என்றான். சொன்னவன் அந்த நேரம் மரத்தடியில் காய் நகர்த்தி டாம் விளையாடிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கூத்துதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில், காமன் செத்தது சிவன் கோபத்தால் என்று நினைப்பேன். ஆடத் தொடங்கியபின், போகாதே என்று ரதி அழுதும் கேட்காத அவன் திமிரால் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், சிவன் தவத்தைக் கலைத்துவிட்டு வா என்று ஓலை எழுதி அனுப்பியவன் தேவேந்திரன். அவன் வேட்டியில் ஒரு பொறி விழவில்லை பாருங்கள். ஆடும்போது இதெல்லாம் தெரிவதில்லை.

அதை விடுங்கள். திலக்ஷன்தான் கட்ட வேண்டும்.

சோலைமலை

•

2024 டிசம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபப்படாதே. மலையில் கொழுந்து அதிகம், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் பெயர் போட்டார்கள். நான் சுகம். உன் காது வலி குறைந்ததா?

சின்னவன் தொழிற்சாலைப் படியில் விழுந்துவிட்டான். தலையில் ஏழு தையல். இப்போது பரவாயில்லை. கொழும்புப் பயணம் அதனால் தள்ளிப்போயிற்று.

முத்துலிங்கம் மாமா நம் லயத்து வீட்டுக்கு வந்தார். ஒற்றைக் கையால் வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்றார். "நாகு, சின்னவன அனுப்பு. நான் சொல்லிக்குடுக்கிறேன். வெட்டுப்பட்டவனே கூப்புடுறேன், இன்னும் என்ன?" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று உள்ளே போனவள், அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

தம்பி, அவன் கட்ட வேண்டாம். காரணம் கேட்காதே. அக்கா சொல்கிறேன் என்பதற்காக ஒரு தரம் கேள்.

நாகலெட்சுமி

•

2025 ஜனவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

திலக்ஷன். நான் நல்ல சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று வட்டகொடை கோவிலில் கும்பிட்டேன்.

படியில் விழுந்தேன் என்று அக்கா எழுதியிருப்பார். படியாவது ஒன்றாவது! அதற்கு இரண்டு காலும் ஒரு மண்வெட்டிப் பிடியும் இருந்தது. விடுங்கள், பையன்களுக்குள் நடக்கிறதுதான். யார் என்று கேட்டு நீங்கள் அங்கே சுவரில் முட்ட வேண்டாம்.

மாமாவிடம் பாட்டுப் பழகுகிறேன். காமன் வில்லை எடுக்கிற இடத்தில் என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வருகிறதாம். சிரிப்பார், பிறகு இல்லாத கையைத் தூக்கி அடவு காட்டுவார். அவர் ஏன் எங்கள்மேல் கோபப்படுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால், "ஒங்க அண்ணன் தெரியாம செஞ்சுட்டான்டா" என்று மட்டும் சொல்கிறார்.

அக்கா கொழும்புக்குப் போ என்று தினமும் அழுகிறார். எனக்கும் ஆசைதான். நீங்கள் கட்டு என்றால் கட்டுகிறேன். வேண்டாம் என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஒரே ஒரு வரி எழுதுங்கள் அண்ணா, அது போதும்.

உங்கள்
திலக்ஷன்

•

சிறைச்சாலை
2025 ஜனவரி 19

அன்புத் தம்பி திலக்ஷனுக்கு,

சுகமாக இரு. ஒரு வரிதானே கேட்டாய், எழுதிவிட்டேன்: கட்டு.

மாமாவிடம் பாட்டை மட்டும் பழகு, அவரை நம்பாதே. மாசிப் பிறை கண்டு கையில் காப்புக் கட்டியபின் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, தெரியுமல்லவா? காமன் எரிந்து காப்பை அவிழ்க்கும்வரை பாலத்துக்கு அந்தப் பக்கம் கால் வைக்காதே. யார் அழுதாலும் சரி, அக்கா அழுதாலும் சரி. எல்லை தாண்டினால் நேர்த்தி முறியும்.

உன்னை அடித்தது யார்? தெரியாமல் இருக்கிற ஆத்திரத்தில் இங்கே ஒருவன் தாடையை உடைத்துவிட்டேன். அவன் வரிசையில் இடித்தான், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குப் போனும் இல்லை, ஆள் பார்ப்பதும் இல்லை. கடிதம் மட்டும்.

அண்ணன்
சோலைமலை

•

2025 பெப்ரவரி 16

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு நேரமில்லை. இதை உட்கார்ந்து படி.

சின்னவனை அடித்தது முத்துலிங்கம் மாமாவின் மகன் நிரஞ்சன். நேற்று லயத்துக்கு முன்னால் வந்து, கத்தியால் எங்கள் கதவில் மூன்று கோடு கிழித்தான். "எங்கப்பாவுக்குப் போனது ஒரு கை. காமன் எரியிற அன்னைக்கு ஒங்க வீட்டுல ஒரு ஆளு" என்றான். மாமா செருப்பால் அடித்து இழுத்துக்கொண்டு போனார். பொலிசில் சொன்னேன். ஏதாவது நடந்தால் வா என்றார்கள். அதனால்தான் கொழும்பு கொழும்பு என்று அழுதேன். உனக்கு எழுதினால் அங்கே நீ யாரையாவது கொன்றுவிடுவாய் என்று பயந்தேன்.

இன்னொன்று. இதை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அன்றைக்கு என்மேல் கை வைத்தது முத்துலிங்கம் மாமா இல்லை. கை வைத்த ஆளைப் பிடித்துத் தள்ளி, என்னை விடுவித்து, தன் துண்டை என்மேல் போட்டு அனுப்பியவர்தான் மாமா.

நீ வேஷத்தோடு, கத்தியோடு நின்று 'யாரு?' என்றாய். உண்மையான பெயரைச் சொன்னால் நீ அவனைக் கொல்வாய், நமக்கு லயமும் இல்லை, வேலையும் இல்லை. வாயில் வந்தது மாமா பெயர். அவர் உன் கூத்தாளி, உன் குரு. சத்தம் போடுவாய், அவர் 'நான் இல்லடா' என்பார், ஆறிவிடும் என்று நினைத்தேன். நீ கேட்கவே இல்லையே, வெட்டிவிட்டாயே! அவரும் என் மானத்துக்காக இன்றுவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அது யார் என்று மட்டும் கேட்காதே, சொல்ல மாட்டேன். மார்ச் இரண்டாம் தேதி காப்புக் கட்டுகிறார்கள். அதற்குமுன் சின்னவனுக்கு ஒரு வரி எழுது. என் பேச்சை அவன் எடுக்கவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான்.

பாவி அக்கா

•

சிறைச்சாலை
2025 பெப்ரவரி 22

திலக்ஷன்,

காப்புக் கட்டாதே. கட்டியிருந்தால் அறுத்து எறி. பாலத்தைத் தாண்டு. நேர்த்தி நான் வைத்தது, முறிந்தால் என் தலையில் விழட்டும். இன்றைக்கே கொழும்புக்குப் போ.

போகுமுன் முத்துலிங்கம் மாமா காலில் எனக்காக விழுந்து எழும்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதை அக்கா மூலம் அனுப்பவில்லை. மூன்று வருஷம் ஒன்றை மறைத்தவர் எதையும் மறைப்பார். உன் பெயருக்கே, தோட்டத்து ஆபீசுக்கு, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும், யாரும் அமுக்க முடியாது.

அண்ணன்

•

2025 மார்ச் 1

தம்பிக்கு,

நீ நலமா என்றுகூடத் தெரியவில்லை. உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

மலையிலிருந்து இறங்கி, கூடையை வைத்துவிட்டு, தினமும் நஸார் நானா கடைக்கு நடக்கிறேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே அவர் தலையை ஆட்டிவிடுகிறார். நேற்று, "தங்கச்சி, நோன்பு தொடங்கப் போகுது, நான் துஆ கேக்கிறேன், நீங்க அழ வாணாம்" என்றார். உன்னைப் பார்க்கவும் வந்தேன். மூன்று பஸ் மாறி வந்தேன். தண்டனையில் இருக்கிறாய் என்று வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

என்மேல் கோபம் என்றால் எனக்கு எழுதாதே. அவனுக்கு எழுது. நாளைக்குக் காப்பு.

நாகலெட்சுமி

•

2025 மார்ச் 30

தம்பிக்கு,

செய்தி உனக்குச் சொல்லியிருப்பார்கள். சவத்துக்கு உன்னை விடவில்லை. நடந்ததை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

காமன் எரிவதற்கு மூன்று நாள் முன்னால் அவனைப் பாலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் நஸார் நானாவின் லொறி நின்றது. பாலத்து நடுவில் நின்றுவிட்டான். "அண்ணா தாண்ட வேணாம்னு எழுதியிருக்காரு. மாத்தி எழுதலியேக்கா. எழுதுனா ஓடிர்றேன், சத்தியமா" என்றான். பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் காட்டினான். நான் அவனை அறைந்தேன். சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தான். உயிரோடு இருந்த அவன்மேல் கடைசியாக என் கை பட்டது அந்த அறைதான்.

விடியப்போகிற நேரம். சிவன் கண்ணைத் திறக்குமுன் வீரபத்திரன் வாளோடு பாய்ந்து வருவானே, அந்த வேஷத்தில் நிரஞ்சன் வந்தான். வேஷம் கட்டியிருந்தவனை அடித்துப் போட்டுவிட்டு, அவன் முகப்பூச்சைத் தான் பூசிக்கொண்டு வந்திருக்கிறான். மர வாள் இல்லை, கவ்வாத்துக் கத்தி. முதல் வெட்டு வலது முழங்கையில். சின்னவன் வில்லை விடவில்லை. இரண்டாவது தோளில். சனம் விசில் அடித்தது தம்பி. தப்பு அடிக்கிறவர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். கூத்து என்றே நினைத்தார்கள். மூன்றாவது கழுத்தில் விழுந்து, இரத்தம் முன்னால் இருந்த பிள்ளைகள் முகத்தில் அடித்தபோதுதான் தப்பு நின்றது. மாமா ஓடி வந்து ஒற்றைக் கையால் கழுத்தைப் பொத்தினார். விரலுக்குள்ளால் வழிந்துகொண்டே இருந்தது. "ரெண்டு கையிருந்தா பொத்தியிருப்பேனே" என்று கத்தினார். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

காப்பை நான்தான் அவிழ்த்தேன்.

மூன்றாம் நாள் சாவு உதவிக்குக் கையெழுத்துப் போட ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வருஷமாக நான் அந்த வாசல்படி மிதிக்கவில்லை. மேசைக்குப் பின்னால், நம் வேலையையும் லயத்தையும் கையில் வைத்திருக்கிற அதிகாரி, கண்டாக்கு இருந்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டார். "இது ரெண்டு கிழமைக்கு மேல கெடக்கு. ஒங்க வீட்டு ஆளுங்கதான் ஆபீசு பக்கமே வாறதில்லையே" என்றார். சின்னவன் பெயருக்கு நீ போட்ட பதிவுத் தபால், ஆபீசில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியது. பிரிக்கவில்லை, ஒளிக்கவில்லை, சும்மா லாச்சியில் கிடந்திருக்கிறது.

சோலைமலை, நீ கேட்ட ஆள் இந்த ஆள்தான். அன்றைக்கு என் சட்டையைக் கிழித்த கைதான் இந்தக் கடிதத்தை எடுத்துப் போட்டது. நான் அவன் பெயரை உனக்கு எழுதியிருந்தால் நீ அங்கே அனுப்பியிருக்க மாட்டாய். அவனுக்குப் பயப்படாமல் ஒரே ஒரு நாள் ஆபீசுக்குப் போயிருந்தால் பிள்ளை கொழும்பில் துணி மடித்துக்கொண்டிருப்பான். உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு பொய்ப் பெயர் சொன்ன வாய் என்னுடையது.

அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போனேன். கண்டாக்கு பெயரில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். மாமா வந்தார். மகன் விலங்கோடு உள்ளே இருக்கிற அதே பொலிசில், இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா

•

சிறைச்சாலை
2025 ஏப்ரல் 20

அக்காவுக்கு,

உடம்பு இருக்கிறது. நீங்கள் சாப்பிடுங்கள், மாமாவையும் சாப்பிட வையுங்கள்.

நான் ஒரு வரி எழுதினேன், அவன் போனான். அடுத்த வரி எழுதினேன், அது போய்ச் சேரவில்லை. ஒரு வரியும் வரவில்லை என்று நீங்கள் எழுதிய கடிதம் எல்லாம் முடிந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. தேவேந்திரனைப் பற்றி உங்களுக்குப் பெரிதாக எழுதியவன் நான்தானே. அதை நினைத்தால் என் கையைக் கடித்துத் துப்பலாம் போல் இருக்கிறது.

நிரஞ்சனை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். வந்த அன்றே என் வார்டு முழுக்கக் காத்திருந்தது. யாரோ என் பாய்க்கடியில் தீட்டிய கரண்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். பகல் சாப்பாட்டு வரிசையில் அவன் எனக்கு நேர் முன்னால் நின்றான். கழுத்து நரம்பு தெரிந்தது. கரண்டி என் இடுப்புச் சாரத்து மடிப்பில் இருந்தது. குத்தத்தான் வந்தேன் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். பின்னால் நிற்பது நான் என்று அவனுக்குத் தெரியும். திரும்பினான். ஓடவில்லை.

"குத்துறதுன்னா குத்துங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. எங்கப்பா கைய எதுக்கு வெட்டுனீங்க? அவரும் சொல்ல மாட்டேங்கிறாரு" என்றான்.

மூன்று வருஷமாக அவனுக்கு யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாமலே நம் பிள்ளையை வெட்டியிருக்கிறான், நான் அவன் அப்பாவை வெட்டிய மாதிரியே.

கரண்டியைக் கீழே போட்டேன். சுவரோரம் உட்கார வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் பெயரைத் தவிர. சொல்லி முடித்தபோது வாளியில் சோறு தீர்ந்திருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

தம்பி
சோலைமலை